தோற்போம் என்று தெரிந்தும் மறுப்பது: மனசாட்சி மறுப்புக்கு ஓர் அறிமுகம்

1976 ஏப்ரல் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு கேள்விக்குத் தீர்ப்பளித்தார்கள். நாட்டில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்ட ஒருவர், தன்னை அடைத்தது சட்டப்படி செல்லுமா என்று பார்க்கச் சொல்லி ஆட்கொணர்வு மனுப் போடலாமா என்பதே கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

விசாரணையின்போது அவர் அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால், அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் தீர்ப்பு நான்குக்கு ஒன்று என்றே முடிந்தது. கன்னா எழுதியதால் அன்று ஒரு கைதிகூட வெளியே வரவில்லை. அடுத்த தலைமை நீதிபதியாக வேண்டிய வரிசையில் இருந்தவர் அவர். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த எம்.எச். பெக் நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அன்றைய கணக்கில் இது முழுத் தோல்வி. தோற்கப்போவது தீர்ப்பை எழுதும்போதே அவருக்குத் தெரியும். பதவி போகும் என்பதும் தெரியும். பிறகு ஏன் எழுதினார்? வெற்றிக்கு வழியில்லாத இடத்தில் ஒருவர் ‘மாட்டேன்’ என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது, அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே பிசகுகிறது என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறோம்.

எது மனசாட்சி மறுப்பு, எது இல்லை

இதற்கு நான்கு உறுப்புகள் உண்டு. அதிகாரம் உள்ள ஒருவரிடமிருந்து உங்களுக்கென்று ஓர் ஆணை வர வேண்டும். அந்த ஆணையை நிறைவேற்றினால் இன்னொருவருக்கு அநீதி நடக்கும் என்று நீங்கள் நம்ப வேண்டும். அதை நீங்கள் வெளிப்படையாக மறுக்க வேண்டும். மறுப்புக்கான விலையை நீங்களே ஏற்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஒன்றாகிவிடும். அது மோசமானது என்று சொல்லவில்லை. வேறு ஒன்று, அவ்வளவுதான்.

ஆணை உங்களுக்கு வரவில்லை, நாட்டில் நடக்கும் ஓர் அநியாயம் பொறுக்காமல் தெருவில் இறங்குகிறீர்கள் என்றால் அது போராட்டம். ஓர் அநியாயச் சட்டத்தை, மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு அறிவித்துவிட்டு மீறினால் அது சட்டமறுப்பு. 1930-இல் உப்பெடுக்கும் முன்பு காந்தி வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதி, செய்யப்போவதை முன்கூட்டியே சொன்னது இந்த வகை. அதில் வெற்றிக்கான திட்டம் உண்டு, கூட்டம் உண்டு. ரகசியமாக ஆணையை மீறி ஒருவரைக் காப்பாற்றினால் அது மறைமுக உதவி. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மாநிலப் போலீஸ் அதிகாரி பால் குருனிங்கர் செய்தது அதுதான். 1938 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்ட பிறகு தப்பி வந்த யூத அகதிகளின் ஆவணங்களில், மூடுவதற்கு முந்தைய தேதியைப் போட்டு நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட்டார். பகிரங்கமாக மறுத்திருந்தால் அன்றே அவரை மாற்றியிருப்பார்கள், ஓர் அகதியும் பிழைத்திருக்க மாட்டார்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் அதுவே முதலிடம். பகிரங்க மறுப்பு அடுத்துதான். ஒருவரைக் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்துகொண்டு, தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக அறிக்கை விட்டுவிட்டு ஒதுங்குவது எங்கள் பார்வையில் தவறு. எல்லா வழியும் அடைபட்ட பிறகு எஞ்சுவதே இந்தக் கட்டுரையின் பொருள்.

மறுப்பு எதைச் சாதிக்கிறது

வெல்ல முடியாத இடத்தில் மறுப்பு மூன்று காரியங்களைச் செய்யலாம். மூன்றும் ஒரே சமயத்தில் நடப்பது அபூர்வம். உங்கள் மறுப்பு இதில் எதற்காக என்று உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் செய்முறை வேறு.

முதலாவது, அந்த அநீதி உங்கள் கையால் நடக்காது. கி.மு. 404-இல் ஏதென்ஸை ஆண்ட முப்பது பேர் குழு, சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொல்லி ஐந்து பேரை அனுப்பியது. நான்கு பேர் போய்ப் பிடித்து வந்தார்கள். ஐந்தாமவர் சாக்ரடீஸ், வீட்டுக்குப் போய்விட்டார். லியோன் கொல்லப்பட்டார். இந்த நிகழ்ச்சியைப் புகழ்ந்து மட்டும் பேசுவது சரியில்லை. சாக்ரடீஸ் லியோனுக்கு ஒரு சொல் எச்சரிக்கை அனுப்பியதாகத் தெரியவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் ஐந்து பேருக்கும் ஒரே ஆணையைக் கொடுத்ததில் ஆட்சியாளர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லோரையும் குற்றத்தில் பங்காளியாக்கிவிட்டால் பிறகு எவரும் வாய் திறக்க முடியாது. அந்தக் கணக்கில் ஒருவர் குறைந்தார்.

இரண்டாவது, பதிவு. கன்னா தன் தீர்ப்பை முடிக்கும்போது, அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் கருத்தை எடுத்தாண்டார்: மாறுபட்ட தீர்ப்பு என்பது எதிர்காலத்தின் அறிவிடம் செய்யும் முறையீடு. இது அழகுக்காகச் சொன்னதல்ல, சட்டத்தில் நடைமுறைப் பயன் உள்ளது. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1976-இன் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி அதை ரத்து செய்தது. 1976-இலேயே சரியான வாதம் முழுமையாக, காரணங்களோடு எழுதப்பட்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. ‘அன்று யாருக்குமே தெரியாது, காலம் அப்படி’ என்று சாக்குச் சொல்லும் வழியையும் அது அடைத்துவிட்டது.

மூன்றாவது, பக்கத்தில் நிற்பவர். இதைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், சாம்பல் நிற ஆய்வக அங்கி அணிந்தவர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை இன்னொருவருக்கு மின்சாரம் பாய்ச்சுவதாக நம்பிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்கள். (உண்மையில் மின்சாரம் பாயவில்லை.) அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், கூட உட்கார்ந்திருந்த இருவர் நடுவிலேயே ‘இனி செய்ய மாட்டோம்’ என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேர் மட்டுமே. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சாலமன் ஆஷின் சோதனைகளிலும் இதே போக்குதான். அறையில் எல்லோரும் தவறான விடை சொன்னால் கண்ணெதிரே தெரிவதையே மறுத்துத் தவறான விடை சொல்பவர்கள், ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் பெரும்பாலும் தங்கள் கண்ணை நம்பத் தொடங்குகிறார்கள். அந்த ஒருவருக்குப் பதவியோ செல்வாக்கோ வேண்டியதில்லை. மறுக்கலாம் என்பதே அறையில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

அதிகாரம் ஒற்றை ஆளின் மறுப்புக்கும் அவ்வளவு மெனக்கெடுவதன் காரணமும் இதுதான். ஓர் ஆளின் கையெழுத்து இல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்றாலும், அந்தக் கையெழுத்தை வாங்கியே தீர வேண்டும் என்று நாள்கணக்கில் உட்கார வைப்பார்கள்.

உங்கள் நம்பிக்கையை முதலில் சோதியுங்கள்

மனசாட்சி தவறாகவும் இருக்கலாம். பிறரைத் தாழ்த்தி வைப்பதையே தர்மம் என்று உளமார நம்பியவர்கள் வரலாறு முழுக்க இருந்திருக்கிறார்கள். அவர்களும் ‘என் மனசாட்சி’ என்றுதான் சொன்னார்கள். ஆகவே உறுதி எவ்வளவு ஆழமானது என்பது ஒரு சான்றே அல்ல.

இதே ஆணை நீங்கள் ஆதரிக்கும் தரப்பிலிருந்து, உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு எதிராக வந்திருந்தால் அப்போதும் மறுப்பீர்களா? பாதிக்கப்படுபவர் யார், அவருக்கு என்ன நேரும் என்பதை, எதிரியின் பெயரையே எடுக்காமல் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? ஆணைக்கு ஆதரவான மிக வலுவான வாதத்தை, அதை நம்புகிறவரே ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல முடிகிறதா? இவற்றை எழுதிப் பாருங்கள். மனதுக்குள் கேட்டுக்கொண்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே பதில் வரும்.

இவற்றைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு: விலையை யார் கொடுக்கிறார்கள்? உங்கள் மறுப்பால் உங்கள் சம்பளம், பதவி, சுதந்திரம் போகிறது என்றால் அது நாம் பேசும் வகை. உங்கள் மறுப்பால் ஒரு நோயாளிக்கு மருந்து கிடைக்காமல் போகிறது, ஓர் ஏழைக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகிறது, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், மனசாட்சி என்ற பெயரில் நடப்பது அதிகாரப் பிரயோகம்.

எங்கே கோடு போடுவது

தொடங்குபவர்கள் செய்யும் பெரிய பிழை, மொத்தத்தையும் எதிர்ப்பது. ‘இந்த ஆட்சிக்கு நான் உடன்பட மாட்டேன்’ என்று சொன்னால் அதில் பிடிமானம் எதுவும் இல்லை. எந்தச் செயலைச் செய்ய மாட்டீர்கள் என்பதுதான் மறுப்பு. செயல் எவ்வளவு சிறிதாக, குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் உங்களால் அதில் நிற்க முடியும்.

ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாஜிப் படைக்கு அழைப்பு வந்தபோது அவர் ஓடி ஒளியவில்லை. 1943 மார்ச்சில் படைமுகாமுக்கு நேரில் போய், ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்த முடியாது என்று சொன்னார். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவப் பிரிவில் வேண்டுமானால் வேலை செய்கிறேன் என்றும் சொன்னார். அதை ஏற்கவில்லை. அவருடைய கோடு எங்கே என்பதை அந்த ஒரு வாக்கியம் சந்தேகமில்லாமல் காட்டிவிட்டது. கோழைத்தனம், சோம்பல், நாட்டுப்பற்றின்மை என்று எதைச் சொன்னாலும் ஒட்டாது. 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது.

கோடு போடுவதற்கு நேரம் முக்கியம். முதல் ஆணைகள் எப்போதும் சிறியவை: ஒரு பட்டியல் தயாரி, ஒரு கூட்டத்துக்கு வா, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் மோசம். ஐந்தாவதை மறுக்கும்போது, ‘நான்காவதைச் செய்தாயே’ என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பலர் மடங்கிப்போகிறார்கள். மில்கிராமின் இயந்திரத்தில் ஒவ்வொரு பொத்தானுக்கும் நடுவே 15 வோல்ட்தான் வித்தியாசம் என்பதை நினைவில் வையுங்கள். ஆணை வருவதற்கு முன்பே, ‘இந்தச் செயலை என் கையால் செய்ய மாட்டேன்’ என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்வது இதற்கு உதவும். நான்கு செய்துவிட்டாலும் ஐந்தாவதை மறுக்கத் தடையில்லை. முந்தையதையும் செய்திருக்கக் கூடாது என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி செத்துப்போகும்.

மறுப்புக் கடிதம்

வாய்மொழி ஆணையை முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி என்றும் கேளுங்கள். பல அநியாய ஆணைகள் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும், ஏனென்றால் எழுதிக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். எழுத்தில் தர மறுத்தால், ‘இன்று இத்தனை மணிக்கு இன்னார் இன்னது செய்யச் சொன்னார்’ என்று நீங்களே குறிப்பு எழுதி அவருக்கு அனுப்பி, அனுப்பியதற்குச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். விசாரணை இல்லாமல் நாற்பது பேரின் பெயரை உதவித்தொகைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு ஊழியருக்கு ஆணை வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

‘இந்தத் தேதியிட்ட தங்கள் ஆணையில் நாற்பது பயனாளிகளின் பெயர்களை நீக்கும்படி கூறப்பட்டுள்ளது. அவர்களுக்கு முன்னறிவிப்பு தரப்படவில்லை. நீக்கத்துக்கான காரணம் கோப்பில் இல்லை. அவர்கள் தரப்பைக் கேட்காமல் வாழ்வாதாரத்தைப் பறிப்பது அநீதி என்று கருதுவதால், இந்த நீக்கத்தில் நான் கையெழுத்திட இயலாது. முன்னறிவிப்பு கொடுத்து விசாரித்தபின் தகுதியற்றவர்களை நீக்கும் பணியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். என் மற்றப் பணிகளை வழக்கம்போல் தொடர்கிறேன். விளைவுகளை அறிந்தே இதை எழுதுகிறேன்.’

ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. முதல் மூன்று வரிகள் யாரும் மறுக்க முடியாத விவரம். நான்காவது வரியில் காரணமும் மறுப்பும் சேர்ந்து வருகின்றன, மறுக்கும் செயல் ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது, நியாயமான வழி திறந்தே இருக்கிறது என்று காட்டுகிறது. ஆறாவது, கடமை தவறினார் என்ற குற்றச்சாட்டை முன்கூட்டியே அடைக்கிறது. கடைசி வரி, பிறகு ‘அறியாமல் செய்துவிட்டார், மன்னித்துவிடலாம்’ என்று கடிதத்தைக் காணாமல் போக்கும் முயற்சிக்கு இடம் தராது. ‘கொடுங்கோல்’, ‘பாசிசம்’ போன்ற சொற்கள் இதில் இல்லாதது தற்செயல் அல்ல. அப்படி ஒரு சொல் இருந்தால் விசாரணை முழுக்க அந்தச் சொல்லைப் பற்றியே நடக்கும், நாற்பது பேரைப் பற்றி நடக்காது. எண்ணிக்கையிலும் கவனம் தேவை. முப்பத்தெட்டை நாற்பது என்று எழுதிவிட்டால், பொய் சொன்னவர் என்ற பெயரோடு கடிதம் முடிந்துவிடும்.

இதே முறையைப் பல்லாயிரம் பேர் சேர்ந்து செய்ததும் உண்டு. 1942 பிப்ரவரியில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நார்வேயில் நாஜிகளின் கைப்பாவையாக இருந்த குவிஸ்லிங் அரசு எல்லா ஆசிரியர்களையும் ஒரு நாஜிச் சங்கத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. ஆசிரியர்களுக்குள் ரகசியமாக ஒரு சிறு வாசகம் சுற்றியது. புதிய முறைப்படி பிள்ளைகளை வளர்ப்பது என் மனசாட்சிக்கு எதிரானது, ஆகவே என்னை அந்தச் சங்கத்தின் உறுப்பினராகக் கருத முடியாது என்பது அதன் சாரம். ஒரே வாசகத்தைத் தனித்தனியாகக் கையெழுத்திட்டுத் தனித்தனிக் கடிதமாக அனுப்பினார்கள். நாட்டின் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் அனுப்பிவிட்டார்கள். தலைவன் என்று யாரையும் பிடிக்க முடியவில்லை. அரசு எரிபொருள் தட்டுப்பாடு என்று சொல்லிப் பள்ளிகளை மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கைது செய்து, அவர்களில் சில நூறு பேரை வடகோடியில் உள்ள கிர்க்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பியது. பெரும்பாலானவர்கள் மசியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தோல்வி உறுதி என்று நாம் போடும் கணக்கும் சில சமயம் தவறிப்போகும். ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது.

கடிதம் கொடுத்த பிறகு

முதலில் வருவது மிரட்டல் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். முதலில் வருவது அன்பு. ‘உங்கள்மேல் எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறேன்’ என்பார் மேலதிகாரி. அடுத்து சந்தேகத்தைக் கிளப்புவார்கள்: மற்ற எல்லோரும் செய்துவிட்டார்கள், உங்களுக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கிறதா? அதன்பிறகு குடும்பம். பிறகு ஒரு சமரசம்: செய்ய வேண்டாம், கடிதத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது. மிரட்டல் கடைசியில்தான். யேகர்ஷ்டெட்டரிடமும் குடும்பத்தை நினைத்துப்பார்க்கச் சொன்னவர்களில் அவருடைய மறைமாவட்ட ஆயரே ஒருவர். நல்லவர்கள், உங்கள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் சொல்வதைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

இதற்குத் தயாரிப்பு ஒன்றுதான்: ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்வது. ‘நான் எழுதியதைத்தான் சொல்கிறேன், அதற்குமேல் சேர்க்க எதுவும் இல்லை.’ விவாதத்தில் இறங்கினால் ஏதாவது ஒரு கட்டத்தில் நீங்கள் தோற்பீர்கள், ஏனென்றால் அவர்களுக்கு நேரமும் ஆளும் அதிகம். வாதத்தில் தோற்றதால் உங்கள் மறுப்பு தவறாகிவிடாது, ஆனால் களைப்பில் அப்படித் தோன்றும். எதிலும் அன்றே கையெழுத்திடாதீர்கள், வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே என்று சொல்லுங்கள்.

வீட்டில் முன்பே பேசியிருக்க வேண்டும். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும், கடன் தவணை என்ன ஆகும், முக்கிய ஆவணங்கள் எங்கே, யாரிடம் உதவி கேட்பது என்பதெல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் தெரிய வேண்டும். ‘பெரிய விஷயத்துக்காக நிற்கிறேன், இதைப்போய்ப் பேசுவதா’ என்று தள்ளிப்போடுபவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார்கள். யேகர்ஷ்டெட்டரின் மனைவி பிரான்சிஸ்கா மூன்று பெண் குழந்தைகளோடு நிலத்தில் தானே பாடுபட்டார். போர் முடிந்து நாஜி ஆட்சி ஒழிந்த பிறகும் 1950 வரை அவருக்கு விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மறுப்பவரின் விலையில் ஒரு பங்கைக் குடும்பம் கொடுக்கிறது, அவர்களிடம் கேட்காமல் அதை அவர்கள் தலையில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

பிசகும் இடங்கள்

மற்றவர்களைச் சிக்கவைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய பிசகு. 1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் நாஜி எதிர்ப்புத் துண்டுப் பிரசுரங்களோடு பிடிபட்டார்கள். ஹன்ஸின் சட்டைப் பையில் அடுத்த பிரசுரத்துக்கான கையெழுத்து வரைவு ஒன்று இருந்தது. கிழித்துப் போடப் பார்த்தார், முடியவில்லை. கையெழுத்தை வைத்து அதை எழுதிய கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டைக் கண்டுபிடித்தார்கள். மூன்று குழந்தைகளின் தந்தை அவர். நான்காம் நாள், பிப்ரவரி 22 அன்று, மூவருக்கும் ஒரே நாளில் விசாரணை, தீர்ப்பு, மரண தண்டனை. அவர்களுடைய துணிவில் எள்ளளவும் குறையில்லை. ஆனால் ஒரு துண்டுத் தாள் இன்னொருவரின் உயிரை எடுத்தது. உங்கள் கடிதத்திலும் கைபேசியிலும் பையிலும் இன்னொருவர் பெயர் இருக்கலாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அல்ல.

சீக்கிரம் ராஜினாமா செய்வது இன்னொன்று. ‘இதில் எனக்குப் பங்கில்லை’ என்று வெளியேறினால் மனம் இலேசாகும், ஆனால் அடுத்த நாள் அந்த நாற்காலியில் கேள்வி கேட்காத ஒருவர் உட்காருவார். உள்ளே இருந்து மறுத்து, நீக்கச் சொல்லுங்கள். நீக்குவதற்கு அவர்கள் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணமும் பதிவாகும். உள்ளே இருப்பதே அநீதிக்குக் கை கொடுப்பதாகும் கட்டம் வந்தால் மட்டும் வெளியேறலாம், அப்போதும் காரணத்தை எழுதிவிட்டு.

பணிந்துபோனவர்களை வெறுப்பதும் பிசகுதான். உங்களோடு வேலை செய்தவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவரை அவமானப்படுத்தினால், நாளை மனம் மாறி உங்கள் பக்கம் வரவேண்டியவருக்கு வழியை அடைக்கிறீர்கள். தோல்வியையே விரும்பத் தொடங்குவதும் நடக்கும். தண்டனை கிடைத்தால்தான் உண்மையானவன் என்று தோன்ற ஆரம்பித்தால், தப்பிக்கும் நியாயமான வழி வந்தாலும் தட்டிவிடத் தோன்றும். மேல்முறையீடு இருந்தால் செய்யுங்கள், ஜாமீன் கிடைத்தால் எடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை

எல்லோராலும் மறுக்க முடியாது. மறுத்தவருக்குத் துணையாக நிற்பதற்கு அந்த அளவு துணிவு தேவையில்லை, பயனோ பெரியது. மறுப்புக் கடிதத்தின் ஒரு பிரதியை வேறோர் ஊரில் உள்ள நம்பகமானவர் வைத்திருக்கட்டும். மியூனிக் குழுவின் கடைசிப் பிரசுரம் நாட்டைவிட்டு ரகசியமாக வெளியே போனதால்தான், அதே ஆண்டு கோடையில் நேச நாட்டு விமானங்கள் அதை அச்சடித்து ஜெர்மனி மீது தூவ முடிந்தது. வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள், பேச வேண்டியதில்லை. பணம் கொடுப்பதானால் மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் ஒரு தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் மாதம் எல்லோரும் வருவார்கள், எட்டாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கடிதம் எழுதும்போது மறுத்தவருக்கு மட்டும் எழுதாமல் அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதுங்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள்.